மூன்றாவது வரிசையில் ஒரு பெயர்

1

என் மகள் ஹெலன், என் தாத்தாவின் தகப்பனாருக்குத் தானாகவே ஒரு பெயர் வைத்து, அதற்குப் பள்ளிக்கூடத்தில் பத்துக்கு எட்டு மார்க்கும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இங்கே பம்பாயில், அவள் படிக்கும் செம்பூர் கான்வென்ட்டில், அவரவர் குடும்பத்தின் வம்சாவளியை ஐந்து தலைமுறைக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள், நான், என் அப்பா, என் தாத்தா வேதமுத்து என்று நான்கு தலைமுறை சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் வேதமுத்துவுக்கு மேலே ‘ஜோசப்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

“யாரும்மா இந்த ஜோசப்?”

“தெரியல அப்பா. கிறிஸ்டியன் பேருதானே? மிஸ் என்ன, ஊருக்குப் போயா செக் பண்ணப் போறாங்க? சலேகா!”

‘சலேகா’ என்றால் இந்த ஊர் ஹிந்தியில் ‘அது போதும், நடந்துவிடும்’ என்று அர்த்தம். அவளைத் திட்ட எனக்கு வாயில்லை. போன வருஷம் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் நானே என்னை அறியாமல் ‘இந்த வீடு சிறிதுதான், ஆனாலும் சலேகா’ என்று எழுதிவிட்டேன். அம்மா பதில் எழுதினாள்: ‘சலேகா என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பெண் யார்? உங்களோடுதான் இருக்கிறாளா?’ என் மனைவி ராஜமும் நானும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு நினைத்துப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஜோசப் விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. நான் விக்டோரியா டெர்மினஸில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காலையில் எட்டேகால் ரயில், கப்பல் கம்பெனியில் சரக்குப் பட்டியல், சாயங்காலம் ஆறரை ரயில். ஆபீஸில் நான் ‘சாம்’. தெருவில் ‘மதராசி’. தென்னாட்டுக்காரர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று சுவரில் எழுதுகிறார்கள். எங்கே திரும்பிப் போவது என்று யோசித்தால், தாத்தாவின் தகப்பனார் பெயர்கூடத் தெரியாத ஓர் ஊருக்கு. அந்த ரோஷத்தில்தான் ஆரம்பித்தேன்.

2

எங்கள் குடும்பம் திருநெல்வேலிச் சீமையில், சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் கோயிலில் பதிவேடு இருக்கும்.

பதிவேட்டிலிருந்து எங்கள் குடும்பத்துப் பெயர்களை எடுத்து அனுப்பும்படி பாதிரியாருக்கு எழுதினேன். விண்ணப்பத்தில் காரணம் குறிப்பிட வேண்டும் என்று பதில் வந்தது. ‘என் வம்சாவளியை அறிய’ என்று எழுதினேன். ‘கல்யாணத்துக்கா, உத்தியோகத்துக்கா என்று தெளிவுபடுத்தவும், வேறு காரணத்துக்குச் சான்றிதழ் தருவதில்லை’ என்று மறுபடியும் பதில். கடைசியில் ‘உத்தியோகத்துக்கு’ என்று பொய் எழுதினேன். ஆறு வாரத்தில் வந்துவிட்டது. நாலு முழுத்தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கையெழுத்து.

அதைப் பிரித்த சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காப்பி ஆறிப்போனது. தாத்தாவின் தகப்பனார் பெயர் ஞானமுத்து. வளர்ந்த பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். பக்கத்திலேயே ‘முன்பெயர் சுடலைமுத்து’ என்று எழுதியிருந்தது. ஹெலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஜோசப்பை விட இது நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு ஹிந்தியில் சண்டை போடப் போய்விட்டாள்.

அடுத்த தாளில் தாத்தா வேதமுத்துவின் பிள்ளைகள். பெரியப்பா செல்லத்துரை, அப்பா, சின்ன அத்தை. இந்த மூன்று பேரைத்தான் எனக்குத் தெரியும். பதிவேட்டில் நான்கு பேர் இருந்தார்கள். அப்பாவுக்கும் சின்ன அத்தைக்கும் நடுவில் ‘அன்னத்தாய்’ என்று ஒரு பெயர்.

பெரியப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். ‘அது சிறு வயதிலேயே செத்துப்போயிற்று’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடக்கப் பதிவேட்டுத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் அன்னத்தாய் இல்லை. அப்பா காலமாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, கேட்க வழியில்லை. அம்மாவுக்கு எழுதினேன்.

அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். வழக்கமாக அவள் கடிதம் இன்லண்டுத் தாளில் பாதியைத் தாண்டாது. இந்தத் தடவை ஓரங்களிலும் எழுதியிருந்தாள்.

‘அன்னத்தாய் சாகவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நீ கைப்பிள்ளையாக இருக்கும்போது, சந்தைக்குத் தோல் வாங்க வரும் மேலப்பாளையத்து காசிம் என்பவரோடு போய்விட்டாள். அவர்கள் மார்க்கத்தில் சேர்ந்து கல்யாணம் செய்துகொண்டார்கள். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று உன் தாத்தா வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்கினார். பம்பாயில் தாராவி என்ற இடத்தில் தோல் ஷாப்பு இருப்பதாகக் கேள்வி. நீ பம்பாய்க்குப் புறப்பட்ட அன்றே சொல்ல வாய் வந்தது. உன் அப்பா பக்கத்தில் நின்றார்கள்.’

தாராவிக்கும் நான் குடியிருக்கும் செம்பூருக்கும் நடுவில் எத்தனை ரயில் நிலையம்? விரல் விட்டு எண்ணிவிடலாம். இருபத்திரண்டு வருஷமாக நான் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் தமிழ் ஆராதனை முடிந்ததும், ராஜத்தையும் பிள்ளைகளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாராவிக்கு நடந்தேன். பென்சிலால் போட்ட வம்சாவளியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். தோல் பதனிடும் வாடை தூரத்திலேயே வழி காட்டியது. ஒரு சாயாக்கடையில் மேலப்பாளையத்து காசிம் என்று கேட்டேன். “அவுக மவுத்தாயி ரொம்ப நாளாச்சே. மகன் மைதீன் இருக்காக. அந்தா, பையி தொங்குது பாருங்க, அந்தக் கார்கானா” என்றார் கடைக்காரர்.

கார்கானா என்ற அந்தப் பட்டறை ஒரே அறைதான். நான்கு பேர் தரையில் உட்கார்ந்து தோல் பைகளுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராகத் தெரிந்த ஒருவர் தலை நிமிர்ந்தார். நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“சாமுவேல் சார்தானே?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“உக்காருங்க. உங்களை எனக்குத் தெரியும். ஏழெட்டுத் தடவ பாத்திருக்கேன். உம்மாதான் காட்டித் தந்துச்சு.”

“அத்தை இருக்காங்களா?”

“நாலு வருஷம் ஆச்சு சார்.”

அவர் சாயா வரவழைத்தார். அதைக் குடித்தேனா என்று நினைவில்லை. அவர் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் தோல் ஷாப்பில் வேலை பார்த்தாராம். ‘உன் அண்ணன் மகன் பம்பாயில்தான் இருக்கான், ஞாயித்துக்கிழமை மாதுங்கா கோயிலுக்கு வாரான்’ என்று அவர்தான் அத்தைக்குச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அத்தை, வருஷத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு, கோயில் வாசலுக்கு எதிரே உள்ள பழக்கடைப் பக்கம் வந்து நிற்பாளாம்.

“பேசியிருக்கலாமே” என்றேன்.

“ஒருதரம் பேசிச்சே!” என்றார் மைதீன். “உங்களுக்கு ஞாபகம் இல்லையா? நீங்க பழம் வாங்கிட்டு இருந்திய. உம்மா பக்கத்துல வந்து ‘தம்பிக்கு எந்த ஊரு?’ன்னு கேட்டுச்சு. நீங்க திரும்பிப் பாத்திய. ‘பம்பாய்தாம்மா’ன்னு சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போயிட்டிய.”

எனக்கு ஞாபகம் இல்லை. இன்று வரை எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். பழக்கடை நினைவிருக்கிறது, கடைக்காரன் முகம்கூட நினைவிருக்கிறது. முக்காடு போட்ட ஒரு பெண்மணி என் ஊரைக் கேட்டது நினைவில்லை. அப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்து ஏதாவது உதவி கேட்பார்கள் என்று ஒரு பயம்.

“அவங்க வருத்தப்பட்டாங்களா?”

“இல்லையே. வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. ‘பொய் சொல்லுதான். ஆனா அண்ணன் குரல் அப்படியே இருக்கு’ன்னு சொல்லிச்சு.”

சுருளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். மூன்றாவது வரிசையில், அப்பாவுக்கும் சின்ன அத்தைக்கும் நடுவில், ஒரு வெற்றுக் கட்டம் போட்டு வைத்திருந்தேன். தைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“அத்தை பேரை எப்படி எழுதட்டும்? அன்னத்தாய்ன்னே எழுதவா, வேற மாதிரியா?”

மைதீன் யோசித்தார். “ரெண்டையும் எழுதுங்க. ஆமினாதான் பேரு. ஆனா குழாயடியில சண்டை வந்துட்டா மட்டும், ‘என்னை யாருன்னு நெனச்சே? வேதமுத்து மக அன்னத்தாயாக்கும்’னு நிக்கும். இந்தச் சந்துல எல்லாருக்கும் எங்க பாட்டன் பேரு தெரியும் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ‘அன்னத்தாய் என்ற ஆமினா’ என்று எழுதினேன். கீழே மைதீன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். அவர் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இங்கே மாநகராட்சிப் பள்ளியில் ஹிந்தி படித்தவர். தன் பெயரின் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு கேட்டார்:

“இது ஊருக்குப் போகுமா?”

“போகும்” என்றேன்.

என்னை வழியனுப்பச் சந்து முனை வரை வந்தார். “போய்ட்டு வாங்க மச்சான்” என்றார் அங்கே. அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட பம்பாயில் அதுவரை யாரும் இல்லை.

4

எங்கள் ஊர்க் கோயில் கட்டி நூறு வருஷம் ஆகிறது என்று விழா ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பழைய குடும்பங்களின் வரலாற்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கோயிலின் அலுவல் அறையில் மாட்டப் போகிறார்கள், நீ எழுதும் வம்சாவளிப் படத்தை உடனே அனுப்பு என்று பெரியப்பா எழுதியிருந்தார். இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில், கட்டம் கட்டமாக, கம்பெனியில் கப்பல் பட்டியல் எழுதிப் பழகிய கையால் அழகாக எழுதினேன். அன்னத்தாய் என்ற ஆமினாவை அவள் இடத்தில் வைத்தேன். பெருமையோடு அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் படம் திரும்பி வந்தது. கூடவே பெரியப்பாவின் கடிதம்.

‘கர்த்தருக்குள் பிரியமான சாமுவேலுக்கு. படம் பார்த்தேன். நல்ல பிரயாசம். மூன்றாவது வரிசையில் உள்ள ஒரு பெயரையும் அதன் கீழே உள்ளவைகளையும் நீக்கி, வேறு தாளில் எழுதி அனுப்பவும். உன் தாயார் இங்கே எங்களை அண்டித்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும்.’

சுடலைமுத்து ஞானமுத்துவானதைப் பெரியப்பா விழாவில் பிரசங்கமாகச் சொல்வார். அன்னத்தாய் ஆமினாவானது மட்டும் படத்தில்கூட இருக்கக் கூடாது. இதை நான் அவருக்கு எழுதியிருக்க வேண்டும். மனசுக்குள் எழுதினேன், எட்டேகால் ரயிலில் நின்றுகொண்டே பத்து நாள் எழுதினேன். காகிதத்தில் எழுதவில்லை.

ராஜத்திடம் கேட்டேன். “உங்க அத்தை போய்ச் சேர்ந்துட்டாங்க. உங்க அம்மா அந்த வீட்டுலதான் இருந்தாகணும். நான் என்ன சொல்ல?” என்றாள். எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புதிய தாள் விரித்து உட்கார்ந்தேன். அந்தக் கிளை இல்லாமல் எழுதுவது சுலபமாக இருந்தது. இடம் தாராளமாகக் கிடைத்தது. படம் முன்னதைவிடப் பார்க்க நன்றாகவே இருந்தது. ஹெலன் வந்து எட்டிப் பார்த்தாள். தமிழ் சரியாகப் படிக்க வராது என்றாலும் கட்டங்களை எண்ணத் தெரியுமே.

“அப்பா, ஒரு பாக்ஸ் கம்மியா இருக்கு.”

“இது வேற படம்மா.”

“நான் ஒரு பேரைச் சேத்ததுக்கு அவ்ளோ கோவிச்சீங்க” என்றாள். குத்திக் காட்டச் சொல்லவில்லை, புரியாமல்தான் சொன்னாள். வெளியே போய் விளையாடு என்று அதட்டினேன்.

படம் போயிற்று. விழாவும் நடந்தது.

அதற்குப் பிறகு தாராவிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதீன் கேட்டார். “ஊருக்கு அனுப்பிட்டியளா மச்சான்? என்ன சொன்னாக?”

“எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம்” என்றேன்.

அவர் உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். அந்த அம்மாள் வாசல் திரைக்குப் பின்னால் நின்று, “அல்ஹம்துலில்லாஹ்” என்றது காதில் விழுந்தது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

5

ஜூன் மாதம், முதல் மழை பிடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் மைதீன் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார். என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் திருநெல்வேலி அல்வாப் பொட்டலம்.

“கொழுந்தியா கல்யாணத்துக்கு மேலப்பாளையம் போயிருந்தோம்” என்றார். “அப்படியே ஒரு எட்டு உங்க ஊருக்கும் போய்ட்டு வந்தேன்.”

ராஜம் அல்வாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் உட்காரச் சொன்னேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, யாரும் இல்ல. காவக்காரர்ட்ட, வேதமுத்து குடும்பத்துப் படம் பாக்கணும்னேன். கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. நல்ல கண்ணாடி போட்டிருக்காக. உங்க எழுத்து ரொம்ப அழகா இருக்கு.”

அவர் குடையை வாங்கி மூலையில் சாத்தி வைத்தேன்.

“பாட்டன் பேரைப் படிச்சேன். பெரிய மாமா பேரு, உங்க அப்பா பேரு, உங்க பேரு, ஹெலன் பேரு எல்லாம் படிச்சேன். எனக்குத் தமிழ் மெதுவாத்தானே வரும்? எங்கியோ விட்டுட்டேன் போலன்னு மறுபடி மேலயிருந்து படிச்சேன். மூணு தரம் படிச்சேன்.”

“மைதீன்...”

“காவக்காரரு ‘நீங்க யாரு தம்பி?’ன்னு கேட்டாரு. என்ன சொல்லதுன்னு தெரியல. ‘பம்பாய்ல சாமுவேல் சாருக்குத் தெரிஞ்சவன்’னு சொன்னேன்.”

உள்ளே ராஜம் பாத்திரத்தை வைக்கும் ஓசைகூட இல்லை.

“உங்க அம்மாவைப் பாத்தேன்” என்றார் பிறகு. “கிணத்தடியில நின்னாக. யாருன்னு சொல்லவே இல்ல, அவுகளே கண்டுபிடிச்சிட்டாக. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அன்னத்தாய் சாடை, அன்னத்தாய் சாடை’ன்னு அழுதாக. வீட்டுக்குள்ள வான்னு கூப்பிட முடியலையேன்னு அழுதாக. நான்தான் சமாதானம் சொல்லிட்டு வந்தேன்.”

பெரியப்பாவின் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவருக்கு அந்தக் கையெழுத்து படிக்க வரவில்லை. நானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ‘ஒரு பெயரையும் அதன் கீழே உள்ளவைகளையும்’ என்ற இடத்தை வேகமாகப் படித்துக் கடந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“அவுக அப்படித்தான் சொல்லுவாக. அது உம்மாவுக்கே தெரியும். நீங்க எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன், அவ்வளவுதான்.”

ராஜம் காப்பி கொண்டுவந்தாள். குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

“வாரேன் சார்” என்றார்.

6

அதற்குப் பிறகு மூன்று தடவை தாராவிக்குப் போயிருக்கிறேன். மைதீன் முகம் சுளிக்கவில்லை. “வாங்க சார், சாயா சொல்லட்டுமா?” என்கிறார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம், மழையைப் பற்றிப் பேசுகிறோம். அவர் வேலை பார்க்கிறார், நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன். அந்த ‘சார்’ மாறவில்லை.

முதலில் எழுதிய படத்தை மறுபடியும் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை சொல்ல வேண்டியதையும் சேர்த்து எழுதினேன். ஐந்து மாதமாகிறது, பதில் இல்லை.

இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா, உனக்கு அங்கே கஷ்டம் வருமா என்று அம்மாவைக் கேட்டேன். நாலே வரி எழுதியிருந்தாள். ‘நீ எழுத வேண்டியதை எழுது. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இனி எனக்கு யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? இதை நீ படம் மாற்றி எழுதும் முன்னால் என்னிடம் கேட்டிருக்கலாம்.’

கேட்கவில்லை. அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

சாத்தான்குளத்துப் பக்கம் உள்ள வாசகர்கள் யாராவது எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனால், அலுவல் அறையில் என் கையெழுத்தில் ஒரு படம் மாட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதில் ஒரு தவறு இருக்கிறது. தவறு பதிவேட்டில் இல்லை, என்னுடையது. வேதமுத்துவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர். மூன்றாவது பிள்ளையின் பெயர் அன்னத்தாய். பம்பாயில் ஆமினா என்ற பெயரோடு வாழ்ந்து, தாராவியில் காலமானாள். அவளுக்கு மைதீன் என்று ஒரு மகன் இருக்கிறார். அவர் எனக்கு மச்சான் முறை.